உப்பு தின்ற இரும்பு

செஞ்சி

எங்கள் ஊரில் மண் என்றாலே கல்லும் சேர்த்திதான். இரண்டு முழம் தோண்டினால் சுக்கான்கல் வரும், இன்னும் இரண்டு முழத்தில் பாறை தட்டும். செஞ்சிக் கோட்டை மலைகள் பூமிக்கடியில் எங்கள் வீடு வரைக்கும் கால் நீட்டிப் படுத்திருக்கின்றன என்பார் அப்பா. கிணறு வெட்டும் செட்டில் இருந்தவர் அவர். அவருடைய கடப்பாரை இன்னும் திண்ணை மூலையில் சாத்தியிருக்கிறது. பாறையில் இறங்கி இறங்கி ஒரு சாணுக்குமேல் தேய்ந்துபோன இரும்பு.

தம்பியும் மண் வேலைக்குத்தான் போனான். ஏழு வருஷம் டிப்பர் ஓட்டினான். ஏரி மண், அஸ்திவார மண், கிராவல் என்று அடுத்தவர் வண்டியில் அடுத்தவர் மண்ணை ஏற்றி இறக்கியவனுக்கு, சொந்தமாக ஒரு ஜேசிபி வாங்கி வாடகைக்கு ஓட்ட வேண்டும் என்று எண்ணம். ஒரு நோட்டுப் போட்டு எல்லாக் கணக்கும் எழுதி வைத்திருந்தான். எங்கள் பக்கம் மணிக்கு 1,300 ரூபாய் வாடகை. டீசல் ஐந்து லிட்டர், 460 ரூபாய். ஆபரேட்டர் கூலியும் பேட்டாவும் சேர்த்து மணிக்கு 150. ஆயில், கிரீஸ், டயர், பக்கெட் பல் என்று இன்னொரு 150 ஒதுக்கினால் கையில் நிற்பது 540. எட்டு லட்சம் கடன் வாங்கினால் மாதத் தவணை 28,000 ரூபாயை ஒட்டி வரும். அதைக் கட்டவே மாதம் 52 மணி நேரம் வண்டி ஓட வேண்டும். அதற்கு மேல் ஓடுவதுதான் அவன் சம்பாத்தியம். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் வாரக்கணக்கில் வண்டி சும்மா நிற்கும் என்பதையும் எழுதி, அதன்கீழ் இரண்டு கோடு போட்டிருந்தான். அந்தக் கோடுகளைப் பார்த்த பிறகுதான் என் நகைகளைக் கொடுக்கிறேன் என்று சொன்னேன்.

புது வண்டி முப்பது லட்சத்தைத் தாண்டும். எங்கள் கைக்கு எட்டுவது பழைய வண்டிதான். மரக்காணத்தில் ஒன்று, அதற்கு வடக்கே கடப்பாக்கத்தில் ஒன்று விலைக்கு இருப்பதாகத் தகவல் வந்தது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று மாசிக் கடைசியில் கிளம்பினோம்.

கூட வந்தவர் ஆபரேட்டர் மாமா. உறவில் மாமா இல்லை, தெருவில் எல்லோருக்குமே அவர் மாமாதான். முப்பது வருஷம் வண்டி ஓட்டி, குலுங்கிக் குலுங்கி இடுப்பு தேய்ந்துபோய் இப்போது வீட்டோடு இருக்கிறார். வண்டி எத்தனை வருஷம் பழசு என்று நான் கேட்டதற்கு அவர் சொன்னது இது: “வருஷத்தை அப்புறம் கேளு பாப்பா. எந்த ஊரு மண்ணுல நின்னுச்சு, எவன் கையில நின்னுச்சு, அதை முதல்ல கேளு.”

விடியற்காலை மூன்றரைக்கே கிளம்ப வேண்டும் என்றதும் அவர்தான். எஞ்சின் தூங்கி எழும் நேரத்தில் பக்கத்தில் இருக்க வேண்டுமாம்.

திண்டிவனம்

திண்டிவனத்தில் டீ குடித்தபோது இருட்டு விலகவில்லை. பால் காயும் வாசனையும் வெளியூர்ப் பேருந்துகளின் புகையும் கலந்த நேரம். பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறவள் நான். இந்த ஊரைத் தாண்டும்போதெல்லாம் கிடங்கில் நினைவுக்கு வந்துவிடும். இன்றைக்கு திண்டிவனத்துக்குள் ஒரு பகுதியாகிவிட்ட கிடங்கில், ஒரு காலத்தில் ஓய்மா நாட்டு நல்லியக்கோடனின் ஊர். அவனைத் தேடிப் போகும் பாணனுக்கு வழி சொல்வதுதான் சிறுபாணாற்றுப்படை. 269 அடிகள். பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். நாங்கள் பார்க்கப் போகும் இரண்டாவது வண்டி நின்றிருந்த கடப்பாக்கம் அதே இடைக்கழிநாட்டில்தான் இருக்கிறது. கடற்கரையில் எயிற்பட்டினம் தொடங்கி உள்நாட்டில் கிடங்கில் வரைக்கும் அந்தப் பாட்டு வழி காட்டும். எயிற்பட்டினம் என்பது மரக்காணம்தான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பாணன் கடலிலிருந்து உள்ளே வந்தான், நாங்கள் உள்ளேயிருந்து கடலுக்குப் போனோம்.

ஆற்றுப்படை எனக்கு எப்போதும் பிடித்த வகை. பரிசு வாங்கித் திரும்புகிறவன், வறுமையோடு எதிரே வருகிறவனை நிறுத்தி, இந்த வழியாகப் போ, இன்னாரைப் பார், இன்னது கிடைக்கும் என்று சொல்வான். தான் கண்டதைத் தனக்கே வைத்துக்கொள்ள மாட்டான். மாமா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் தம்பியிடம் பேசிக்கொண்டிருந்ததும் அந்த வகைதான்.

“வண்டியைப் பார்த்ததும் புடிச்ச மாதிரி காட்டிக்காதே. பெயிண்டைப் பார்க்காதே. முதல்ல கையை வை, அப்புறம் காதை வை, கடைசியா கண்ணை வை.”

சங்கப் பாட்டில் உப்பு விற்கும் உமணர்கள் மாட்டு வண்டி வரிசையோடு வருவார்கள். அந்த வண்டிகளின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டி வைத்திருப்பார்கள். சேம அச்சு என்று அதற்குப் பெயர். புறநானூற்றில் அதியமான் மகன் பொகுட்டெழினிக்கு ஔவையார் சொல்லும் உவமை அது. பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும்போது என்ன ஆகுமோ என்று முன்பே நினைத்து வைத்த அச்சு. இதை மாமாவிடம் சொன்னேன். “அப்ப ஸ்பேர் வச்சிருந்தவன்தான் யாவாரி” என்றார். தம்பி தன் நோட்டில் ‘சேம அச்சு – 50,000’ என்று எழுதிக்கொண்டான். வண்டி வாங்கிய கையோடு பின்னுக்கும் புஷ்ஷுக்கும் ஓஸுக்கும் வேண்டிய பணம் அது. அதைத் தனியாக எடுத்து வைக்காமல் எல்லாவற்றையும் வண்டி விலையிலேயே கொட்டிவிட்டு, முதல் மாதத்திலேயே படுத்துக்கொண்டவர்களை எங்கள் ஊரிலேயே பார்த்திருக்கிறேன்.

மரக்காணம், விடியல்

பிரம்மதேசம், முருக்கேரி தாண்டியதும் மண்ணின் நிறம் மாறுவது ஹெட்லைட் வெளிச்சத்திலேயே தெரிந்தது. சாலையோரம் பனையும் சவுக்கும். வயலில் தர்பூசணிக் குவியல்கள், அவற்றின்மேல் வைக்கோல். கல் என்று ஒன்று கண்ணில் படவே இல்லை. கையில் அள்ளினால் விரலிடுக்கில் ஒழுகிப் போகிற மணல், அல்லது பிசைந்த மாவு மாதிரி ஒட்டுகிற களி. தம்பி கண்ணை விரித்துப் பார்த்துக்கொண்டு வந்தான். இந்த மண்ணில் பக்கெட் பல் தேயவே தேயாது என்றான். மாமா பதில் சொல்லவில்லை.

உப்பளத்தை ஒட்டிய ஒரு கொட்டகையில் வண்டி நின்றது. புது மஞ்சள் பூச்சு, கறுப்பு எழுத்து, சந்தனம் குங்குமம், எலுமிச்சம்பழம். தரகர் எங்களுக்கு முன்பே வந்திருந்தார். 2014ஆம் வருஷ வண்டி, மணி மீட்டரில் 6,400. விலை பதின்மூன்றரை லட்சம்.

மாமா பேசாமல் போய் பானட்டைத் திறந்து எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்தார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பது மாதிரி வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். சூடு. ஐந்தே முக்காலுக்கு யாரோ அதை எழுப்பி, ஓட வைத்து, அணைத்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படி இருமும், எந்த நிறத்தில் புகை விடும் என்பதை நாங்கள் பார்க்கக் கூடாது என்று.

இருந்தும் ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அந்த வாயின்மேலேயே கவிழ்த்து வைத்தார். மூடி தடதடவென்று ஆடித் துள்ளிக் கீழே விழுந்தது. பிஸ்டனைத் தாண்டிக் காற்று கீழே இறங்குகிறது, எஞ்சின் வேலை வரப்போகிறது என்பதற்கு அது அடையாளம். பின்பக்க ஜாக்குகளை ஊன்றி வண்டியைத் தூக்கி எஞ்சினை அணைக்கச் சொன்னார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பத்து நிமிஷத்தில் இடது ஜாக் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. மிதிகளின் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஒரு மிதியில் இரும்பே பளபளத்தது. 6,400 மணி நேரத்தில் கால் இவ்வளவு தேய்க்காது. நன்றாக ஓடும் வண்டி வருஷத்துக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு மணி நேரம் ஓடிவிடும். மீட்டரை மாற்றுவது சின்ன வேலை. மிதியையும் சீட்டையும் லீவர் குமிழையும் ஒருசேர மாற்ற யாரும் மெனக்கெடுவதில்லை.

அதற்கப்புறம் அவர் செய்ததுதான் என் கண்ணிலேயே நிற்கிறது. பூம் சிலிண்டரிலிருந்து நீண்டு வரும் ராடைத் துணியால் துடைத்தார். கண்ணாடி மாதிரி மின்னியது. என் ஆள்காட்டி விரலைப் பிடித்து, நகத்தை அதன்மேல் வைத்து மெதுவாக இழுத்தார். சர்ரென்று போன நகம் ஓரிடத்தில் தடுக்கியது. இன்னும் கொஞ்சம் தள்ளி மறுபடி தடுக்கியது. குனிந்து பார்த்தால் கடுகில் பாதி இருக்கும் புள்ளிகள். அம்மைத் தழும்பு மாதிரி நாலைந்து இடத்தில். குரோம் பூச்சுக்குள் உப்பு புகுந்து அடியிலிருக்கும் இரும்பைத் தின்ற இடம் அது.

“இது ஒவ்வொரு தடவை உள்ள போய் வரும்போதும் சீலை அறுக்கும். சீல் போனா ஆயில் ஒழுகும். ஆயில் ஒழுகுற வழியில தூசி உள்ள போகும். தூசி பம்புக்குப் போகும். பம்பு போனா?” என்று தம்பியைக் கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். பம்பு போனால் என் வளையல் போகும்.

உப்பு இரும்பை ஏன் இப்படித் தின்கிறது என்பதை அடுக்களையிலேயே பார்க்கலாம். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிகிறது. காற்றிலிருக்கும் ஈரத்தை உப்பு தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. கடற்கரையில் நிற்கும் இரும்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம் படிந்துவிட்டால், வெயிலடித்தாலும் அது முழுதாகக் காய்வதில்லை. ராத்திரியில் மறுபடி நனைகிறது. துரு பிடிக்கத் தண்ணீரும் காற்றும் போதும், உப்பு அதை விரட்டி விரட்டிப் பிடிக்க வைக்கிறது. வண்டியில் அது முதலில் போகிற இடங்கள் கண்ணுக்குத் தெரியாதவை: ஓஸ் முனைகள், ஒயரிங் இணைப்புகள், ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள், கேபின் தரைக்கு அடியில் இருக்கும் தகரம். மாமா கேபின் பாயைத் தூக்கியபோது தகரத்தில் கை நுழையும் ஓட்டை. பாயின் அடிப்பக்கத்தில் வெள்ளைப் பொடி.

ஆர்சி புத்தகத்தில் ஒரு நிதி நிறுவனத்தின் பெயர் இன்னும் அடமானத்தில் இருந்தது. கடன் முடிந்துவிட்டது, தடையின்மைச் சான்று அப்புறம் வரும் என்றார் தரகர். அந்தச் சான்றும் 35ஆம் எண் படிவமும் கைக்கு வராமல் பெயர் மாற்றம் நடக்காது. யோசித்துச் சொல்கிறோம் என்று வெளியே வந்தோம்.

உப்பளம்

வெளியே வந்தால் வெள்ளை. மூவாயிரம் ஏக்கரைத் தாண்டிய உப்பளம். தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் அடுத்தபடியாக உப்பு விளையும் மண். சூரியன் கிளம்பிய அந்த நேரத்தில் பாத்திகள் எல்லாம் ரோஜா நிறமாக இருந்தன. வரப்புகள் மட்டும் கறுப்பு.

விடியும் முன்பே வேலைக்கு வந்துவிட்ட பெண்கள் ஏற்கெனவே பாதி வேலையை முடித்திருந்தார்கள். ஆண்கள் பலகையால் உப்பை வாரி வரப்போரம் ஒதுக்க, பெண்கள் தட்டுக்கூடையில் தலைச்சுமையாகக் கொண்டுபோய் அம்பாரத்தில் கொட்டினார்கள். வெயில் ஏறிவிட்டால் தரையிலிருந்து வரும் வெள்ளொளியில் கண்ணைத் திறக்க முடியாது.

ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மா கூடையை இறக்கிவிட்டு எங்களிடம் வந்தார். எங்கிருந்து, எதற்கு என்று விசாரித்தார். வண்டியைப் பற்றிச் சொன்னதும் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“அந்த வண்டியா? நாலு சீசனா இங்கதாம்மா உப்பு அள்ளி லாரிக்குப் போட்டுச்சு. போன மாசம்தான் மஞ்சள் அடிச்சாங்க.”

மாமா சிரிக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். கேட்க வேண்டிய கேள்விக்கு, கேட்காமலேயே பதில் வந்துவிட்டது.

அந்த அம்மாவோடு அரை மணி நேரம் இருந்தோம். கடல் தண்ணீர் 3 டிகிரி இருக்கும். பாத்தி மாற்றி மாற்றி வெயிலில் காய வைத்து 25 டிகிரிக்குக் கொண்டுவந்தால் உப்பு பூக்கும். அதற்கு மேலே விட்டுவிட்டால் கசப்பு ஏறிவிடும், அந்தத் தண்ணீரை வெளியேற்றிவிட வேண்டும். கருவி வைத்துப் பார்ப்பார்கள், ஆனால் தனக்குக் காலை வைத்தாலே தெரியும் என்றார். தை மாதம் பாத்தி கட்டும்போது களியை ஆட்கள் காலால் மிதித்து மிதித்து இறுக்குகிறார்கள். தண்ணீர் கீழே இறங்காத அளவுக்குத் தரை கெட்டிப்பட வேண்டும். ஏழரை டன் எடையுள்ள ஜேசிபியை அந்தப் பாத்திக்குள் இறக்கினால் மிதித்த தரை பிளந்துவிடும். வரப்பு உயர்த்த, வாய்க்கால் தூர் எடுக்க, உப்பு ஏற்ற மட்டும் வண்டி வரும். பாத்தி மனிதக் காலுக்கு உரியது.

மழை மாதங்கள் மூன்றும் அவர்களுக்கு வேலை இல்லை. அந்தக் காலத்துக்கென்று அரசு 5,000 ரூபாய் தருகிறது. அதைச் சொல்லும்போது அவர் குரலில் குறையும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. தம்பி அந்தத் தொகையைக் கேட்டுவிட்டுத் தன் நோட்டைத் திறந்து, இரண்டு கோடு போட்ட அந்தப் பக்கத்தைப் பார்த்தான். மழை இருவருக்கும் ஒன்றுதான். இவருக்கு வங்கித் தவணை இல்லை, அவனுக்கு அரசுப் பணம் இல்லை. ஆனாலும் இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அவர் பாதத்தின் வெடிப்புகளை நான் பக்கத்தில் பார்த்துவிட்டிருந்தேன்.

உப்பளத்தை ஒட்டிப் பக்கிங்காம் கால்வாய். வடக்கே காக்கிநாடாவிலிருந்து சென்னை வழியாக வரும் நீர்வழி இந்தப் பக்கத்தில்தான் முடிகிறது. சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி, 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் பசித்து வந்த ஜனங்களை வைத்து வெட்டப்பட்டது. மண்வெட்டி, கூடை, தலை. அன்றைக்குக் கவர்னராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு வந்தது, வெட்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை. ஒரு ஜேசிபி நின்ற இடத்திலிருந்து நாலரை மீட்டர் ஆழத்துக்குக் கை நீட்டும். அப்பாவும் அவர் செட்டும் எங்கள் பாறையில் அந்த ஆழத்துக்குப் போக ஒரு மாதம் பிடிக்கும். இயந்திரம் வந்ததில் எனக்கு வருத்தம் கிடையாது. அப்பாவின் முதுகைப் பார்த்தவள் நான்.

கிளம்பும்போது அந்த அம்மா ஒரு பை நிறைய உப்பு கொடுத்தார். புதுத் தொழில் தொடங்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு போகக் கூடாது என்றார். புது வீட்டுக்குள் முதலில் போவது உப்பும் மஞ்சளும்தானே. மாமா பையை வாங்கி என்னிடம் கொடுத்து, “இது அடுக்களைக்கு. வண்டிக்குள்ள கொண்டு போயிடாதே” என்றார்.

கழுவேலி

கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே அனுமந்தைப் பக்கம் கொஞ்ச தூரம் போனோம். வண்டி பார்க்க இல்லை. தம்பிக்கு ஓர் இடத்தைக் காட்ட வேண்டும் என்று மாமா சொன்னார். சாலைக்கு மேற்கே கழுவேலி. பழவேற்காட்டுக்கு அடுத்தபடியாகத் தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. மழைக்குப் பிந்திய தண்ணீர் வற்றத் தொடங்கிச் சேறும் நீரும் மாறி மாறிக் கிடந்தன. தூரத்தில் ஒரு வெண்மை அசைந்தது. உப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். பூநாரைகள். ஒன்று இறக்கை விரித்தபோதுதான் உள்ளே இருந்த சிவப்பு தெரிந்தது.

2021 டிசம்பரில் 5,151 ஹெக்டேர் சதுப்பைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது தமிழ்நாடு அரசு. மாமா அதற்குப் பல வருஷங்களுக்கு முன்பு இங்கே வேலைக்கு வந்தவர். இறால் பண்ணைக்குக் குட்டை வெட்டச் சொன்னார்களாம், ராத்திரி வேலை, இரட்டைப் பேட்டா. “நாலு ராத்திரி வெட்டினேன். அஞ்சாவது ராத்திரி லைட் வெளிச்சத்துல பார்த்தா பக்கெட்டுல மண்ணோட முட்டைங்க. எறங்கிட்டேன்.” அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

மண் வேலைத் தொழிலில் இந்தப் பேச்சை யாரும் வெளியே எடுப்பதில்லை. நல்ல காசு வருவது பெரும்பாலும் ராத்திரியில், ஆற்று மணலில், ஏரிக் கரையில், சதுப்பில். அதற்குச் சட்டமும் இருக்கிறது. அனுமதியில்லாமல் கனிமம் எடுக்கும் வண்டியை, 1957ஆம் வருஷத்துக் கனிமச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி பறிமுதல் செய்யலாம். பழைய வண்டி வாங்குகிறவர், அப்படி ஒரு வழக்கில் அது சிக்கியிருக்கிறதா என்று காவல் நிலையத்திலும் தாலுகா அலுவலகத்திலும் விசாரிக்காமல் பணம் கொடுக்கக் கூடாது. இன்னொருவர் ராத்திரி வெட்டிய மண்ணுக்கு நம் வண்டி நீதிமன்றத்தில் போய் நிற்கும். பகலில் செய்ய வேலை இல்லாமல் இல்லை. வீட்டு அஸ்திவாரம், பண்ணைக்குட்டை, வரப்பு, குழாய்ப் பள்ளம். ஏரியில் வண்டல் மண் எடுக்க விவசாயிகள் தாசில்தாரிடமே அனுமதி வாங்கும்படி 2024இல் விதியை எளிதாக்கியிருக்கிறார்கள். 52 மணி நேரத்தை அதில் எட்டிவிடலாம் என்பது தம்பியின் கணக்கு. எட்டாவிட்டால் என் நகை போகட்டும், ராத்திரி வேலை மட்டும் வேண்டாம் என்று அந்தச் சாலையோரத்தில் வைத்தே அவனிடம் சொன்னேன். அவன் சரி என்றான். அந்தச் சரியை வாங்கத்தான் நான் இந்தப் பயணத்துக்கு வந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

மதியம் மரக்காணம் திரும்பிச் சாப்பிட்டோம். ஓலைக் கொட்டகைக் கடை. மண்சட்டியில் சங்கராமீன் குழம்பு, வறுத்த இறால், புளிப்பு தூக்கலான ரசம். எங்கள் ஊரில் மீன் என்றால் ஏரி மீன், இல்லாவிட்டால் ஐஸில் வந்த கடல் மீன். இங்கே மீனில் அலையின் ஈரம் இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் கடைக்காரம்மா தர்பூசணி அறுத்து அதன்மேல் இரண்டு விரலால் உப்புத் தூவிக் கொடுத்தார். உப்பு பட்ட இடத்தில் இனிப்பு கூடியது.

கடப்பாக்கம்

கடப்பாக்கத்துக்குக் கிழக்கே, கழிமுகத்தின் ஓரத்தில் ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கிறது. செங்கல் கோட்டை. 1750இல் பிரெஞ்சுக்காரர்களின் கைக்குப் போய், 1760இல் ஆங்கிலேயரிடம் விழுந்தது. அதன் பக்கம் போய் நிற்க எங்களுக்கு நேரம் இல்லை. சவுக்குத் தோப்பு ஓரமாக வண்டி நின்றிருந்தது. கையை மடக்கி, பக்கெட்டைத் தரையில் ஊன்றி வைத்திருந்தார்கள்.

மஞ்சள் பூச்சு வெளிறி, பக்கெட் ஓரம் பிறந்த இரும்பாகக் கிடந்தது. இதுவும் 2014. மீட்டரில் 11,870. மாமா எஞ்சினில் கையை வைத்தார். குளிர்ச்சி. இரண்டு நாளாக எடுக்கவில்லை என்றார் ஆபரேட்டர். நாற்பது வயதிருக்கும், ஒல்லியான ஆள். ஒன்பது வருஷமாக அவர்தான் ஓட்டுகிறார். முதலாளிக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், வண்டியை விற்கிறார்கள்.

முதல் சாவியிலேயே எழுந்தது. ஒரு மூச்சு வெள்ளைப் புகை, பிறகு நிறமே இல்லை. மூடியைக் கவிழ்த்து வைத்தால் இலேசாக நடுங்கியது, விழவில்லை. ஜாக் இறங்கவில்லை. நகம் ராடின் அடியிலிருந்து நுனி வரை தடுக்காமல் போனது. நான் நம்பாமல் மறுபடி இழுத்துப் பார்த்தேன்.

“கடல் இவ்ளோ பக்கத்துல இருக்கே, எப்படிப்பா?” என்று மாமா கேட்டார்.

“வேலை முடிஞ்சு நிறுத்தும்போது ராடெல்லாம் உள்ள இழுத்து வச்சிடுவேண்ணா. வெளிய நீட்டிக்கிட்டு நின்னாத்தான் காத்து திங்கும். இழுக்க முடியாத ராடுக்கு கிரீஸ் தடவிடுவேன். வாரத்துக்கு ரெண்டு தடவை நல்ல தண்ணில கழுவுவேன், போர் தண்ணி உப்புண்ணா, ஏரித் தண்ணி எடுத்தாந்து. உப்பளத்து வேலைக்கு மட்டும் போகவேயில்ல. சவுக்குத் தோப்பு, தர்பூசணிக் காடு, வீட்டு அஸ்திவாரம், அவ்ளோதான்.”

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. மயிலத்தில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த வெள்ளத்தில் எத்தனையோ வண்டிகள் முழுகின. முழுகிய வண்டியின் கியர் ஆயிலில் தண்ணீர் கலந்து பால் நிறமாகிவிடும், ஒயரிங் உள்ளேயே அழுகும். இந்த வண்டி அன்றைக்கு எங்கே இருந்தது என்று மாமா கேட்டார். முந்தின நாளே மெயின்ரோட்டு மேட்டில் ஏற்றி நிறுத்திவிட்டு, இரண்டு ராத்திரி கேபினுக்குள்ளேயே உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார் அவர். வீட்டில் திட்டினார்கள் என்று சேர்த்துக்கொண்டார்.

பிறகு சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்துத் தந்தார். கிரீஸ் கறை படிந்த நாற்பது பக்க நோட்டு, அவர் வைத்திருந்தவற்றில் நாலாவது. தேதி, மீட்டர் எண், மாற்றிய ஃபில்டர், ஊற்றிய ஆயில், போட்ட சீல். யாரும் கேட்டு எழுதியதில்லை. கடைசிப் பக்கத்தில் கடைசி வரி: ‘கிங்போஸ்ட் கீழ் புஷ் ஆட்டம். மாத்தணும்.’ விற்கிற வண்டியின் குறையை, வாங்க வந்தவர் கையில் கொடுத்த நோட்டில் அவரே காட்டினார். மாமா பக்கெட்டைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தார். ஆட்டம் இருந்தது. தம்பி தன் நோட்டில் சேம அச்சுக் கணக்கைத் திறந்தான்.

பன்னிரண்டு லட்சம் சொன்ன விலை பதினொன்று எழுபதில் நின்றது. ஆர்சியில் அடமானம் இல்லை, சேசிஸ் எண் சரியாக இருந்தது. வழக்கு விசாரித்த பிறகு மீதி என்று பேசி, வெற்றிலைப் பாக்கின்மேல் பத்தாயிரம் முன்பணம் வைத்தோம். முதலாளி பெரியவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஆபரேட்டர் கொஞ்ச நேரம் வண்டியைச் சுற்றி வந்தார். பிறகு தம்பியிடம், ஒரு மாசத்துக்காவது கூட வரட்டுமா என்று கேட்டார். சம்பளம் பேசவில்லை. தம்பி மாமாவைப் பார்த்தான், பிறகு தலையாட்டினான்.

“ஆனா கல்லு மண்ணுல நான் ஓட்டினதில்லண்ணா” என்றார் அவர் மாமாவிடம். “எங்க பக்கம் கல்லே கிடையாது.”

மாமா சவுக்கு மரத்தடியில் உட்கார்ந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் உட்கார முடிந்தது. பாறை தட்டும்போது லீவர் வழியாகக் கைக்கு எப்படி ஒரு அதிர்வு வரும், அப்போது முட்டி மோதாமல் பக்கெட்டை ஓரம் திருப்பிப் பிளவு தேட வேண்டும், கல் வெடிப்பு எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையிலேயே பல்லைக் கொடுக்க வேண்டும் என்று, உள்ளங்கையைப் பக்கெட் மாதிரி மடக்கிக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா கடப்பாரை வைத்துச் சொன்ன அதே வார்த்தைகள். ஒல்லியான அந்த மனிதர் எதிரே குந்தி உட்கார்ந்து, என் கையிலிருந்த நோட்டை வாங்கி, புஷ் வரிக்குக் கீழே எழுதத் தொடங்கினார்.